விற்கிற கல்

லாரி அறந்தாங்கியிலேயே நிற்கிறதாம், டயர் வெடித்து.
தேவகோட்டை அரிசி மண்டியில் இரவு பதினொன்று.
மூட்டைமேல் சாய்ந்தபடி
அடைக்கலம் சானல் மாற்றிக்கொண்டே வந்தான்.
பனித்தரை ஒன்று வந்து நின்றது.

ஒருத்தி முழங்காலில் சறுக்கி வந்து
கைப்பிடி வைத்த கல்லைத் தள்ளினாள்.
விட்டாள்.
மாப்பிள்ளை அழைப்புக் கார் போல
அவசரமில்லாமல் போனது கல்.
முன்னால் இரண்டு பெண்கள்
துடைப்பத்தால் தேய்த்துத் தேய்த்து ஓடினார்கள்.

'இது என்னடா கூத்து' என்றான் சேவுகன்.
சிராவயல் பொட்டலில் மாடு கொடுத்த தழும்பு
அவன் விலாவில், வெற்றிலை அகலம்.
அதற்காகவே சட்டை போடமாட்டான்.
'வேர்க்கல, மூச்சு வாங்கல,
எதிராளி கைகூட மேல படல.
வாசக் கூட்டுறதுக்கு மெடலாமா?'

அடைக்கலம் கேரம் ஆடுகிறவன்,
ஈஸ்டர் போட்டியில் எவர்சில்வர் குடம் வாங்கியவன்.
'கேரம் விளையாட்டுன்னா இதுவும் விளையாட்டுண்ணே.
பலகை பெருசு, காய் கனம்,
பவுடருக்குப் பதிலா பனி.'
'கேரமே விளையாட்டு இல்லங்குறேன்.'
அதன்பிறகு இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சிந்திய அரிசியைக் கூட்டிச் சலித்துக்கொண்டிருந்த
பூமயில்தான் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.
'குப்பையே இல்ல, எதக் கூட்டுறாளுக?'
இன்னும் நாலு கல் போகும்வரை பேச்சில்லை.
'தேய்ச்சா நேரா ஓடுது.
விட்டுட்டா வளையுது.
வழியக் கூட்டுறாளுக.'
சேவுகன் குனிந்து பார்த்தான்.
வளைந்தது.
'கூலி எவ்வளவுன்னு கேளு' என்றான், சத்தம் குறைந்து.

கல் இருபது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்று
அடைக்கலம் திரையில் படித்ததுதான் வினை.
தராசடியிலிருந்து எங்கள் இருபது கிலோ எடைக்கல்லை
இழுத்துக்கொண்டு வந்துவிட்டான் சேவுகன்.
முதலாளி உட்காரும் பக்கம் ஆத்தங்குடித் தரை.
பூமயில் தவிடு தூவினாள்.
கீறல் விழுந்தால் கணக்கப்பிள்ளை என்னைத்தான் கேட்பார்கள்,
சொன்னேன், யார் கேட்டார்கள்.

முதல் தள்ளலில் மூன்று பூ தாண்டி நின்றது.
அடுத்தது சுவரில் இடித்தது.
சிவப்புப் பூவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம்.
பதினோராவது முறை
அவன் தழும்பின்மேல் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது.
யாரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை.
பதிமூன்றில், பூமயில் முன்னால் துடைப்பத்தோடு பின்வாங்க,
கல் சிவப்பைத் தொட்டு, தடுக்கி,
பக்கவாட்டில் சாய்ந்தது.

அடிப்பக்கம் தெரிந்தது.
ஈயம் ஊற்றியிருக்க வேண்டிய குழி.
எங்களிடம் வாங்குகிற கல் ஒன்று, விற்கிற கல் ஒன்று.
இது விற்கிற கல்.
எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரிந்திருக்கலாம்.

அந்நேரம் டிவியில் ஒருத்தி கை தூக்கினாள்.
ஓடுகிற கல்லில் அவள் துடைப்பம் பட்டுவிட்டதாம்.
நடுவர் பார்க்கவில்லை, எதிரணி பார்க்கவில்லை,
திருப்பிப் போட்டுக் காட்டியும் எங்களுக்குத் தெரியவில்லை.
அவளே சொல்லி
அவளே அந்தக் கல்லை ஓரமாக எடுத்து வைத்தாள்.

'பைத்தியக்காரி' என்றான் அடைக்கலம்.
'கேரத்துல விளையாட்டுக்குக்கூட எவனும் ஒத்துக்க மாட்டான்.'
சேவுகன் ஒன்றும் சொல்லவில்லை.
முட்டியில் ஒட்டிய தவிட்டைத் தட்டினான்.
பூமயில் சலித்த அரிசியை முந்தானையில் முடிந்தாள்.
அதை எந்தக் கல்லாலும் நிறுப்பதில்லை.

இரண்டு மணிக்கு லாரி வந்தது.
நூற்றிருபது மூட்டை.
கடைசி மூட்டையை இறக்கிவிட்டு,
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு,
'நாளைக்கு அந்த ஆட்டம் எத்தன மணிக்கு' என்றான் சேவுகன்.

எல்லோரும் போனபிறகு
கல்லைத் தூக்கித் தராசடியில் வைத்தேன்,
குழி தரையைப் பார்க்க.
என்னாலேயே ஒற்றைக் கையில் தூக்க முடிந்தது.